டெய்லர் ஸ்விஃப்டோட பெரிய சாதனை எது? சார்ட்டா, டூரா, இல்ல தன் பாட்ட மறுபடி பாடுனதா?

ஸ்விஃப்டி_சித்தூர்
அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் பேச்சு வந்தாலே எல்லாரும் எத்தனை கிராமி (அமெரிக்க இசை விருது), எத்தனை நம்பர் ஒன்னுன்னுதான் ஆரம்பிக்கறாங்க. அதுவும் சின்ன விஷயம் இல்லீங்க, ஆல்பம் ஆஃப் த இயர் கிராமிய பாடகரா நாலு தடவை வாங்குனது அவங்க ஒருத்தர்தான் (ஆல்பம் பேருங்க: ஃபியர்லெஸ், 1989, ஃபோக்லோர், மிட்நைட்ஸ்), 2024ல நாலாவது வாங்குற வரைக்கும் மூணோட நின்னிருந்தவங்க யாருன்னா ஃபிராங்க் சினாட்ரா, பால் சைமன், ஸ்டீவி வொண்டர். ஆனா என்னைக் கேட்டா அதெல்லாம் ரெண்டாவதுதான். 2019ல அவங்களோட முதல் ஆறு ஆல்பமும் அவங்களக் கேக்காமயே வேற ஆளுக்கு கைமாறிருச்சு, அப்ப அழுதுட்டு உக்காராம பழைய பாட்டையே முதல்ல இருந்து மறுபடி பாடி வெளியிட்டு, ஜனங்க அத வாங்கி, கடைசில 2025 மே மாசம் அந்த ஆறு ஆல்பத்தோட ஒரிஜினல் பதிவையும் வெலை குடுத்து தன் பேருக்கே வாங்கிட்டாங்க பாருங்க, அதுதான் எனக்கு பெருசு. நம்ம பாலக்காட்டு கேரளா-தமிழ்நாடு பார்டர் பக்கத்து ஆளுங்க என்ன நெனைக்கறீங்க? பாட்டு பாடுறவங்க, கச்சேரிக்கு போறவங்க எல்லாரும் இங்க இருக்கீங்க, அதான் கேக்கறேன்.

வண்ணாமடை_ராஜ்
நான் நம்பர் ஆளு, அதனால நம்பர்லயே பேசறேன். 2022 அக்டோபர்ல மிட்நைட்ஸ் வந்த ஒடனே அமெரிக்க பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியல்ல முதல் பத்து எடத்தையும் அவங்க பாட்டே புடிச்சது. பத்துல பத்து. அதுக்கு முந்தின வருஷம் ராப் பாடகர் டிரேக் ஒன்பது எடம் புடிச்சதே பெரிய நியூஸா இருந்துச்சு. 2024 ஏப்ரல்ல அடுத்த ஆல்பத்துக்கு முதல் 14 எடம். 2025 அக்டோபர்ல த லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள் வந்தப்ப முதல் வாரத்துலயே அமெரிக்காவுல மட்டும் 40 லட்சம் யூனிட். அதுக்கு முன்னாடி அந்த ரெக்கார்ட் 2015ல பாடகி அடெல் வெச்சது, 34 லட்சத்து 82 ஆயிரம். பத்து வருஷமா யாரும் கிட்டக்கூட போகல.

யூனிட்னா என்னன்னு கேப்பீங்க. இப்ப கேசட் சிடிய மட்டும் எண்றதில்ல, 2018ல வெச்சு 2025 வரைக்கும் இருந்த கணக்குல காசு கட்டி கேக்கறவங்க 1,250 தடவை ஓட்டுனா ஒரு ஆல்பம் வித்த மாதிரி, தனிப் பாட்டா வாங்குனா பத்து பாட்டு ஒரு ஆல்பம். இந்த மொத்தத்தையும் கூட்டித்தான் பட்டியல் போடுவாங்க.

ஒண்ணு நேர்மையா சொல்லோணும். ஒரே ஆல்பத்த கலர் கலரா வினைல், வேற அட்டை, வேற போனஸ் பாட்டுன்னு ஏகப்பட்ட ரகத்துல எறக்குறாங்க, ரசிகருங்க எல்லா ரகமும் வாங்கறாங்க, அதனால எண்ணிக்கை ஏறுது. மத்த பாடகருங்களும் இதைத்தான் செய்றாங்க, ஆனா இவங்க அளவுக்கு யாரும் செய்யல. அத கழிச்சுப் பாத்தாலும் முதல் எடம் இவங்களுக்குத்தான், ஆனா கழிச்சுப் பாக்கோணும்.

வேலந்தாவளம்_மணி
கண்ணுகளா, நான் பழைய ஆளு, கோவிச்சுக்காதீங்க. பாடகின்னா மொதல்ல கொரலப் பாக்கோணும். நம்ம பார்டர்ல இந்தப் பக்கம் திரும்புனா சித்ரா, அந்தப் பக்கம் ஜானகியம்மா, சுசீலாம்மா. சுசீலாம்மா ஆறுக்கும் மேல இந்திய மொழில 17,695 பாட்டு பாடிருக்காங்கன்னு 2016ல கின்னஸ்லயே போட்டாங்க. சித்ராவுக்கு ஆறு தேசிய விருது, அதுல முதல் விருது தமிழ்ப் படத்துக்குத்தான் வந்தது. ஜானகியம்மா 2013ல பத்மபூஷணே வேண்டாம்னு திருப்புனவங்க, தென்னிந்தியக் கலைஞருங்கள காலம் கடந்துதான் கவனிக்கறாங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க.

நீங்க சொல்ற பொண்ணு 2010ல கிராமி மேடைல பெரிய பாடகி ஸ்டீவி நிக்ஸ் கூட நின்னு பாடறப்ப சுருதி வெலகிப்போச்சு, அமெரிக்கப் பத்திரிகைங்களே அதத் தாளிச்சு எடுத்தாங்க. எம்மகன் போட்டுக் காட்டுனான், நானும் கேட்டேன். அந்த எடத்துல சித்ராவ நெனச்சுப் பாருங்க. அதனால பிசினஸ் சாதனைன்னு சொல்லுங்க ஒத்துக்கறேன், பாட்டு சாதனைன்னு சொன்னா எனக்கு மனசு ஒப்பல.

ஸ்விஃப்டி_சித்தூர்
மணிண்ணா, அந்த 2010 பாட்டு நானும் கேட்டிருக்கேன், நல்லா இல்லதான். ஆனா அப்ப அவங்களுக்கு 20 வயசுங்ணா. அதுக்கப்பறம் என்ன பண்ணாங்கன்னு பாக்கோணுமில்ல. எராஸ்ங்கற அவங்க உலக டூர்ல ஒவ்வொரு ராத்திரியும் மூணு மணி நேரத்துக்கு மேல, 40 பாட்டுக்கு மேல பாடிருக்காங்க. டூருக்கு முன்னாடி மாசக்கணக்கா டிரெட்மில்ல ஓடிக்கிட்டே மொத்தப் பாட்டையும் சத்தமா பாடி பழகுனேன்னு 2023ல டைம் பத்திரிகைல சொல்லிருக்காங்க, வேகமான பாட்டுக்கு ஓட்டம், மெதுவான பாட்டுக்கு நடை. 2023 மார்ச்ல அரிசோனாவுல ஆரம்பிச்சு 2024 டிசம்பர்ல கனடா வான்கூவர்ல முடிச்சாங்க, 149 நிகழ்ச்சி. டிக்கெட் வசூல் 200 கோடி டாலருக்கு மேல, வந்தவங்க ஒரு கோடிக்கும் மேல.

அப்பறம் முக்கியமான ஒண்ணு, அவங்க பாட மட்டும் இல்ல, எழுதறாங்க, மெட்டும் போடறாங்க. ரெண்டாவது ஆல்பம் ஹிட் ஆனப்ப கூட எழுதுனவங்கதான் எல்லாம் எழுதிருப்பாங்க, இந்தச் சின்னப் பொண்ணு எங்க எழுதப்போறான்னு பேச்சு கெளம்புச்சு. அதுக்குப் பதிலா 2010ல ஸ்பீக் நௌ ஆல்பத்த கூட ஒரு ஆள்கூட இல்லாம தானே மொத்தமா எழுதுனாங்க. முதல் வாரத்துல 10 லட்சம் தாண்டி வித்துச்சு. 14 வயசுலயே சோனி கம்பெனி அவங்கள பாட்டெழுதறவங்களா ஒப்பந்தம் பண்ணிருச்சு, பாடகியா ரெக்கார்டு வர்றதுக்கு முன்னாடியே.

மீனாட்சிபுரம்_டீச்சர்
நான் தமிழ் மீடியத்துல பாடம் எடுக்கறேன், ஆங்கிலப் பாட்டுல எனக்கு அவ்வளவு பழக்கம் இல்ல, எங்க பிள்ளைங்க கேட்டுக் கேட்டுத்தான் எனக்குள்ளயும் வந்துச்சு. எனக்குப் புடிச்சது அவங்க கதை சொல்ற விதம். பெரிய பெரிய வார்த்தை இல்ல, ஒரு சால்வை, ஒரு சமையக்கட்டு வெளிச்சம், ஒரு கார் பயணம், இப்படி கையில புடிக்கக்கூடிய பொருள வெச்சே மொத்த உறவும் ஒடைஞ்சத சொல்லிருவாங்க. ரெட் ஆல்பத்த 2021ல மறுபடி பாடுனப்ப அதுல ஒரு பாட்டு பத்து நிமிஷத்துக்கு மேல. அது ஹாட் 100ல நம்பர் ஒன் ஆச்சு, அந்தப் பட்டியல்ல முதல் எடம் வந்த பாட்டுலயே நீளமானது அதுதான், 1972ல இருந்து நின்ன ரெக்கார்ட ஒடச்சது. ரேடியோக்கு மூணரை நிமிஷம் போதும்னு எல்லாரும் சொல்ற காலத்துல பத்து நிமிஷக் கதைய ஜனங்க உக்காந்து கேட்டிருக்காங்க. எங்க ஊருல அண்ணன்மார் கதைய உடுக்கடிச்சு விடிய விடிய பாடறப்ப யாரும் எந்திரிச்சுப் போகமாட்டாங்க. கதை நல்லா இருந்தா ஜனங்க இருப்பாங்க, நேரம் பெருசில்ல.

மணி அண்ணன் சொல்றதுல ஒரு பாதி நாயம் இருக்கு. கொரல் வளத்துல நம்ம அம்மாக்களோட வெச்சுப் பாக்கக்கூடாது, அவங்க செய்றது வேற கலை. பிறர் எழுதுன வரிக்கு, பிறர் போட்ட மெட்டுக்கு உயிர் குடுக்கறது. இவங்க செய்றது தன் வாழ்க்கைய தானே எழுதி தானே பாடறது. ரெண்டையும் ஒரே தராசுல நிறுக்க முடியாதுங்க.

சவுண்ட்_பாபு
நான் ஸ்பீக்கர் ஏத்தி எறக்கற ஆளு, பொள்ளாச்சி பக்கம் ஒரு சின்ன ரெக்கார்டிங் ரூமும் வெச்சிருக்கேன். டூர் நம்பரப் பாத்தா எனக்கு மொதல்ல நெனப்பு வர்றது அந்த மேடைய ராத்திரியோட ராத்திரியா பிரிச்சு அடுத்த ஊருக்கு ஓட்டிட்டுப் போன லாரி டிரைவருங்கதான். 2023 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல முதல் கட்டம் முடியறப்ப அந்த டிரைவருங்க ஒவ்வொருத்தருக்கும் 1 லட்சம் டாலர் போனஸ்னு நியூஸ் வந்துச்சு. நம்ம பக்கம் பூரம், வேலைன்னு கோயில் திருவிழா சீசன் முச்சூடும் விடியக்காலம் வரைக்கும் வயர் சுத்தறோம், பேட்டா கூட கேட்டு வாங்கோணும். அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அந்தம்மா மேல மரியாதை.

கடல்தாண்டிய_பாலக்காடு
சிங்கப்பூர்ல இருந்து எழுதறேன். 2024 மார்ச்ல இங்க நேஷனல் ஸ்டேடியத்துல ஆறு ராத்திரி பாடுனாங்க, தென்கிழக்கு ஆசியாவுல வேற எங்கயும் இல்ல. சிங்கப்பூர் மட்டும் தனியா ஒப்பந்தம் போட்டுருச்சுன்னு தாய்லாந்து பிரதமரே பேசுற அளவுக்கு போச்சு. இந்தியாவுக்கு அந்த டூர் வரவே இல்ல. நம்ம ஆளுங்க தியேட்டர்ல படமா பாத்ததோட சரி. அந்தப் படத்தக்கூட ஸ்டுடியோ யாருக்கும் குடுக்காம நேரா அமெரிக்காவோட பெரிய தியேட்டர் கம்பெனிகிட்ட பேசி ரிலீஸ் பண்ணாங்க. நடுவுல ஆள் வெச்சுக்கறதில்லங்கறதுல ரொம்பத் தெளிவு.

வேலந்தாவளம்_மணி
டீச்சர் சொன்னது சரி, வேற கலைன்னு வெச்சுக்கலாம். ஆனா அந்த 2019 விவகாரம் எனக்குப் புரியல. பாட்டு அவங்களுது, கொரல் அவங்களுது, அப்பறம் எப்படி இன்னொருத்தன் விக்க முடியும்? வித்தவன் பாட்டையே இவங்க எப்படி மறுபடி பாட முடியும்? யாராவது வெவரமா சொல்லுங்க.

வாளையார்_வக்கீல்
நான் சொல்றேனுங்ணா, இது என் வேலையோட சம்பந்தப்பட்டது.

ஒரு பாட்டுக்குள்ள ரெண்டு சொத்து இருக்கு. ஒண்ணு வரியும் மெட்டும். இன்னொண்ணு ஸ்டுடியோவுல பதிவான அந்த ஒலி, அதைத்தான் மாஸ்டர்ங்கறாங்க. நம்ம சித்தூர் கணக்குல சொன்னா, வரியும் மெட்டும் தென்னை மரம், மாஸ்டர் பானைல எறக்குன கள்ளு. 15 வயசுல நாஷ்வில்ல பிக் மெஷின்னு புதுசா ஆரம்பிச்ச கம்பெனியோட கையெழுத்துப் போட்டாங்க, அந்தக் காலத்து ஒப்பந்தப்படி பானை பூரா கம்பெனிக்கு. 2019 ஜூன்ல ஸ்கூட்டர் பிரான்ங்கறவரோட கம்பெனி பிக் மெஷினையே சுமாரா 30 கோடி டாலருக்கு வாங்குச்சு, பானையும் கூடப் போயிருச்சு. அடுத்த வருஷம் அவரு அந்த மாஸ்டருங்கள ஷாம்ராக்னு ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு வித்தாரு. ஆனா மரம் டெய்லர் கைலயே இருந்துச்சு, ஏன்னா எழுதுனது அவங்க.

ஒப்பந்தத்துல இத்தனை வருஷத்துக்கு இந்தப் பாட்ட வேற எங்கயும் மறுபடி பதியக்கூடாதுன்னு ஒரு ஷரத்து இருக்கும். அந்தக் கெடு முதல் அஞ்சு ஆல்பத்துக்கு 2020 நவம்பர்ல முடிஞ்சுது. முடிஞ்ச ஒடனே வேலைய ஆரம்பிச்சுட்டாங்க. 2021ல ஃபியர்லெஸ், ரெட், 2023ல ஸ்பீக் நௌ, 1989, ஒவ்வொண்ணோட பேருக்குப் பின்னாடியும் இது டெய்லரோட பதிப்புன்னு போட்டு.

இன்னொரு பூட்டும் அவங்க கைல இருந்துச்சு. சினிமாவுலயோ வெளம்பரத்துலயோ ஒரு பாட்ட வெக்கோணும்னா மாஸ்டர் வெச்சிருக்கவரு சம்மதமும் வேணும், எழுதுனவங்க சம்மதமும் வேணும். பழைய பதிவக் கேட்டு வந்தவங்களுக்கு இவங்க முடியாதுன்னு சொல்லிட்டா மாஸ்டர் வாங்குனவரு ஒண்ணும் பண்ண முடியாது. பழசோட மதிப்பு எறங்கும், புதுசு ஏறும். கோர்ட்டுக்குப் போகாம ஒப்பந்தத்துல இருந்த ஒரு வரிய வெச்சே செஞ்ச வேலைங்க இது. ஒரு வக்கீலா எனக்கு இதுல தனி சந்தோஷம்.

வண்ணாமடை_ராஜ்
அதுக்கு நம்பர் நான் சொல்றேன். 1989 ஆல்பம் 2014ல வந்தப்ப முதல் வாரம் 12 லட்சத்து 87 ஆயிரம். அதையே மறுபடி பாடி 2023 அக்டோபர்ல விட்டப்ப முதல் வாரம் 16 லட்சத்து 53 ஆயிரம். மறுபதிப்பு ஒரிஜினல விட அதிகமா போயிருக்கு. ஃபியர்லெஸ் மறுபதிப்பு 2021ல நம்பர் ஒன் ஆனப்ப, மறுபடி பாடுன ஆல்பம் ஒண்ணு பில்போர்டு 200 ஆல்பம் பட்டியல்ல முதல் எடத்துக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. இவங்களுக்கு முன்னாடி அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் இதே மாதிரி வார்னர் கம்பெனியோட சண்டை போட்டு கன்னத்துல அடிமைன்னு எழுதிக்கிட்டு மேடையேறுனாரு, ஒரு பாட்ட மறுபடி பதிஞ்சும் விட்டாரு. அந்த மறுபதிப்பு எடுபடல. இவங்களுக்கு ஜெயிச்சதுக்குக் காரணம் ரசிகருங்க, இதக் கேளுங்க அதக் கேக்காதீங்கன்னு அவங்களே ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்க.

சவுண்ட்_பாபு
டெக்னிக்கலா சொன்னா அது லேசான வேலை இல்லீங்க. ஃபியர்லெஸ் மறுபதிப்ப கிறிஸ்டோபர் ரோவ்னு ஒருத்தரும் அவங்களும் சேந்து பண்ணாங்க, வாசிச்சவங்க அவங்களோட டூர் பேண்ட் ஆளுங்க. பழசு எப்படி இருந்துச்சோ அதே மாதிரி, அதே எடத்துல அதே கிட்டார், அதே மூச்சு. ஆனா கொரல் 18 வயசுக் கொரல் இல்ல, முப்பது தாண்டுன கொரல். ஹெட்ஃபோன்ல ரெண்டையும் மாத்தி மாத்தி கேட்டுப் பாருங்க, மேல் ஸ்தாயில முன்னாடி இழுத்துப் புடிச்ச எடமெல்லாம் இப்ப சாதாரணமா நிக்குது, கீழ் ஸ்வரம் நல்ல கனம். மணிண்ணா நீங்க கொரலப் பத்திக் கேட்டீங்கல்ல, அந்த ரெண்டு பதிப்பையும் கேட்டாலே ஒரு பாடகி பதிமூணு வருஷத்துல எவ்வளவு தூரம் போயிருக்காங்கன்னு தெரியும்.

வேலந்தாவளம்_மணி
கேட்டேன். கொரல் தேறிருக்கு, நெஜமாத்தான்.

ஆனா இப்ப எனக்கு வேற வெசனம் வந்துருச்சு. மரம் எழுதுனவங்களுதுன்னா நம்ம சித்ராவுக்கு, ஜானகியம்மாவுக்கு என்ன மிச்சம்? அவங்க எழுதல, மெட்டும் போடல. 2017ல எஸ்பிபி அமெரிக்காவுல கச்சேரி பண்ணிட்டு இருக்கறப்ப இளையராஜா பக்கத்துல இருந்து வக்கீல் நோட்டீஸ் போச்சு, எஸ்பிபிக்கும் சித்ராவுக்கும். அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல. ராஜா மேலயும் உசுரு, பாலு மேலயும் உசுரு. யாரு பக்கம் நிக்கறது?

வாளையார்_வக்கீல்
அதுதாங்ணா நம்ம சினிமாப் பாட்டுக்கும் டெய்லர் பாட்டுக்கும் உள்ள வித்தியாசமே. நம்ம முறைல எழுதறவரு ஒருத்தர், மெட்டு ஒருத்தர், பாடறவங்க ஒருத்தர், காசு போடறவரு ஒருத்தர். ராஜா சார் கேட்டது மெட்டுப் போட்டவரோட பங்கு, அது அவரு உரிமை, கேட்ட விதம் பலருக்கு வலிச்சது, ரெண்டுமே உண்மை.

பாடறவங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல முடியாது. 2012ல காப்பிரைட் சட்டத்துல பெரிய திருத்தம் வந்துச்சு. பாடுனவங்களுக்கு 50 வருஷத்துக்கு உரிமை முன்னாடியே இருந்துச்சு, அதோட வியாபாரத்துக்குப் பயன்படுத்துனா ராயல்டி வாங்கற உரிமை (38ஏ பிரிவு), பாடுனது நான்தான்னு பேர் போடச் சொல்லிக் கேக்கற உரிமை (38பி பிரிவு) எல்லாம் சேந்துச்சு. அடுத்த வருஷமே பாடகருங்களெல்லாம் சேந்து இஸ்ரான்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அத வசூல் பண்ணிக் குடுக்கறதுக்கு. டெய்லர் அளவுக்கு பிடி இல்ல, ஆனா வெறுங்கையும் இல்ல.

பாட்டுக்காரி_பாறை
எல்லாம் படிச்சிட்டே வந்தேன், இப்ப எழுதாம இருக்க முடியல. நான் கொழிஞ்சாம்பாறை பக்கம், இருபது வயசுல இருந்து கானமேளால (மேடைப் பாட்டுக் கச்சேரி) பாடறேன், உத்சவத்துக்கு அந்தப் பக்கம் மலையாளம், இந்தப் பக்கம் மாரியம்மன் நோம்பிக்கு தமிழ். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் வந்து அம்மன் பாட்டு கேசட் போடோணும்னு கூட்டிட்டுப் போனாரு, எட்டு பாட்டு, ஒரே நாள்ல பாடி முடிச்சேன், கைல கொஞ்சம் காசு குடுத்து வவுச்சர்ல கையெழுத்து வாங்குனாங்க. அட்டைல என் பேரு சின்னதா இருந்துச்சு, எங்கப்பா அத ஊரெல்லாம் காட்டுனாரு. இப்ப அதே பாட்டு யூடியூப்ல ஓடுது, லட்சக்கணக்குல பாத்திருக்காங்க, கோயில் நோம்பில எல்லா மைக்செட்லயும் அதுதான் போடறாங்க, எங்கயும் என் பேரு இல்ல. அம்மன் படம் போட்டு வேற பேரு போட்டிருக்கு. எங்கூட்டு பசங்க கேட்டா, அம்மா இது உங்க கொரல் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க.

வரி எழுதுனது எங்க தெருவுல இருந்த தமிழ் வாத்தியாரு, இப்ப ரிட்டயர்டு. மெட்டு எங்க ட்ரூப் ஹார்மோனியக்காரர். அவங்க ரெண்டு பேரும் எங்கயும் கையெழுத்தே போடலைன்னு சொல்றாங்க. வக்கீல் தம்பி, டெய்லர் பண்ண மாதிரி நான் அந்த எட்டையும் மறுபடி பாடலாமா? கேக்கறதுக்கே கூச்சமா இருக்குது, அவங்க எங்க நான் எங்க.

மீனாட்சிபுரம்_டீச்சர்
கூச்சப்படாதீங்க. அந்தப் பாட்டு எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுல பிள்ளைங்க ஆடிருக்காங்கன்னு நெனைக்கறேன். நீங்கதான் பாடுனதா? ரொம்ப சந்தோஷம்.

வாளையார்_வக்கீல்
அக்கா, பாடலாம். உங்களுக்கு டெய்லரோட கதை அப்படியே பொருந்துது, அதனால கொஞ்சம் நிதானமா எழுதறேன்.

பழைய ஒலிப்பதிவு காசு போட்டுப் பதிஞ்சவருக்குத்தான், அதுல மாத்தம் இல்ல. ஆனா வரியும் மெட்டும் அவருக்குப் போகோணும்னா எழுத்துல, கையெழுத்தோட எழுதிக் குடுத்திருக்கோணும், சட்டத்துல 19வது பிரிவு. வாயால பேசுனது செல்லாது. எழுதிக் குடுத்திருந்தாலும் எத்தனை வருஷம்னு போடலைன்னா அஞ்சு வருஷம்தான், எந்த ஊருக்குன்னு போடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். வாத்தியாரய்யாவும் ஹார்மோனிய அண்ணனும் கையெழுத்தே போடல, சம்பளத்துக்கு அவருகிட்ட வேலையும் பாக்கலைன்னா மரம் அவங்களுது. அவங்க ரெண்டு பேரும் உங்களுக்கு எழுத்துல அனுமதி குடுத்தா போதும். நீங்க போட்ட அந்த வவுச்சரோட நகல் கெடச்சா நான் ஒருக்கா பாக்கோணும், இனிமே எங்கயும் பாடக்கூடாதுன்னு ஏதாவது ஒரு வரி அதுல இருக்கான்னு தெரிஞ்சுக்கறதுக்கு. பாலக்காட்டுல என்னைப் பாக்க வாங்க, இதுக்கு பீஸ் வேண்டாம்.

அப்படி எழுதிக் குடுத்திருந்தாலும் இன்னொரு வழி இருக்கு. 31சி பிரிவுல, முதல் பதிவு வந்த வருஷம் முடிஞ்சு அஞ்சு வருஷம் கழிச்சு யார் வேணா கவர் வெர்ஷன் பதியலாம். ஆனா முன்கூட்டியே நோட்டீஸ் குடுக்கோணும், வருஷத்துக்கு கொறஞ்சது 50 ஆயிரம் காப்பிக்கு ராயல்டி கட்டோணும். செலவு ஜாஸ்தி. உங்களுக்கு மொத வழிதான் நல்லது.

செய்யக்கூடாதது: அவங்க பழைய மியூசிக் ட்ராக்க எடுத்து அதுமேல பாடாதீங்க, பழைய அட்டைப் படத்தப் போடாதீங்க, அதே கேசட்டுன்னு ஜனங்க நெனைக்கற மாதிரி பேரு வெக்காதீங்க. எல்லாம் புதுசா இருக்கோணும். பழைய வீடியோல உங்க பேரு போடச் சொல்லி 38பி படி தனியா ஒரு நோட்டீஸ் அனுப்பலாம், அது இதோட சேராது, அதுவும் உங்களுக்கு உண்டு.

ஸ்விஃப்டி_சித்தூர்
அக்கா இதப் படிச்சு எனக்கு கண்ணு கலங்கிருச்சு. டெய்லர் 2025ல எழுதுன கடிதத்துல ஒண்ணு சொன்னாங்க, முதல் ஆல்பத்த முழுசா மறுபடி பாடி வெச்சுட்டேன், ஆனா ரெபுடேஷன் ஆல்பத்துல கால் பங்குகூட முடியல, அந்த மனநிலைக்கு மறுபடி போக முடியலைன்னு. அவங்களுக்கே சில பாட்டு அப்படி. அதனால எட்டையும் ஒரே மூச்சுல பாடோணும்னு இல்லக்கா, எது வருதோ அதுல இருந்து ஆரம்பிங்க. வீடியோ, ரீல்ஸ் எல்லாம் நாங்க காலேஜ் பசங்க பாத்துக்கறோம்.

வேலந்தாவளம்_மணி
அம்மணி, அந்தக் கேசட் எங்கூட்டுல இன்னும் இருக்குது. டேப்ரெக்கார்டர்தான் ஓடல. அட்டைல உங்க பேரும், வாத்தியாரு பேரும், ஹார்மோனியக்காரர் பேரும், வருஷமும் அச்சுல இருக்குது. வக்கீல் தம்பிக்கு அது சாட்சியா உதவுமான்னு கேளுங்க, நானே கொண்டாந்து குடுக்கறேன்.

இந்த இழைல நான் மொதல்ல கொரலத்தான் பாக்கோணும்னு சொன்னேன். இப்பவும் கொரல் முக்கியம்தான். ஆனா அந்தக் கொரலுக்கு ஒரு பிடி வேணும்னு அந்தப் பொண்ணு காட்டிருக்கா. அதப் பெரிய சாதனைன்னே நானும் சொல்றேன்.

வாளையார்_வக்கீல்
கண்டிப்பா உதவும்ணா. பேரும் வருஷமும் அச்சுல இருக்கற அட்டைய விட நல்ல சாட்சி கெடையாது. பத்திரமா ஒரு கவர்ல போட்டு வைங்க, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க, இங்க பொதுவுல போடாதீங்க.

வண்ணாமடை_ராஜ்
அக்கா, புதுப் பதிவ ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக்ல ஏத்தறப்ப ஒவ்வொரு பாட்டுக்கும் புதுசா ஐஎஸ்ஆர்சி நம்பர் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் இருக்கற அடையாள எண்) வாங்கோணும், பழைய நம்பரப் போட்டா காசு பழைய ஆளுக்கே போயிரும். பாடியவர், வரி, இசைன்னு மூணு கட்டத்துலயும் பேர தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் ஒரே மாதிரி எழுத்துல நிரப்புங்க, ஒரு எழுத்து மாறுனாலும் வேற ஆளுன்னு கணக்கு எடுத்துக்கும். இந்த வேலைய நான் செஞ்சு தர்றேன்.

பாட்டுக்காரி_பாறை
வாத்தியாரய்யாகிட்ட போய் கேட்டேன். ஒடனே சரின்னுட்டாரு, ரெண்டாவது பாட்டுல ஒரு சரணம் அப்ப நேரமில்லைன்னு விட்டுட்டாங்களாம், அத நோட்டுல இருந்து எடுத்துக் குடுத்து இதையும் சேத்துப் பாடும்மான்னாரு. ஹார்மோனிய அண்ணனும் வர்றேன்னுட்டாரு. வவுச்சர் நகல் எங்கப்பாவோட பெட்டில தேடிட்டு இருக்கேன்.

பாபு தம்பி, உங்க ரூம்ல பதிய என்ன ஆகும்? உத்சவ சீசன் தொடங்கிட்டா எனக்கு தொண்டைக்கு ஓய்வு கெடைக்காது, அதுக்குள்ள முடிக்கோணும். அப்ப அஞ்சரை கட்டைல பாடுனேன், இப்ப மேல போனா இழுக்குது, அஞ்சுல வெச்சா நல்லா இருக்குமா?

சவுண்ட்_பாபு
அஞ்சுலயே வைங்கக்கா, அம்மன் பாட்டுக்கு இப்ப இருக்கற கனமான கொரல்தான் நல்லா நிக்கும். ரூமுக்கு காசு பேச வேண்டாம், வாசிக்கறவங்களுக்கு மட்டும் குடுத்துருங்க. உடுக்கையும் பம்பையும் நேர்லயே வாசிச்சுப் பதியலாம், கீபோர்டுல போட்டா அந்தச் சத்தம் வராது, பம்பைக்கு நம்ம ஆனமலை ஆளு இருக்காரு. ஹார்மோனிய அண்ணன ஒரு நாள் முன்னாடியே அனுப்புங்க, ட்ராக் போட்டுக்கலாம். வவுச்சர வக்கீல் பாத்து சரின்னு சொன்ன அன்னிக்கு தேதி குறிச்சுக்கலாம்.